பெயர் சொல்ல வெட்கப்படும் பெனருக்குப் பின்னால் எதற்காக நடக்க வேண்டும்?



அன்பின் ஊர்ச் சகோதர சகோதரிகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டுக் கொமன்ட் போடாதீர்கள். திட்டுவதாக இருந்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

அடுத்த மாதம் நமது ஊரில் இரண்டாவது தடவையாக ஞாபகார்த்த நடைபவனி நடக்க இருக்கிறது. நம்மை விட்டுப் பிரிந்த ஓர் ஆசிரியையின் நினைவாகத்தான் நடக்கிறோம். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் 'அ' எழுதப் பழகினார்கள். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக.

அவர் எந்த நோயில் மௌத்தானார்? சூலகப் புற்றுநோய். ஆங்கிலத்தில் ஓவேரியன் கென்சர்.

இந்த வருடத்து நோட்டீஸில் என்ன இருக்கிறது? "மகளிர் நோய் விழிப்புணர்வு நடைபவனி." போன வருடமும் இதே கதைதான். பெனரில் "புற்றுநோயை ஒழிப்போம்" என்று மட்டும் இருந்தது. எந்தப் புற்றுநோய், உடம்பில் எந்த இடத்தில், என்ன அறிகுறி என்று ஒரு வரி கிடையாது. இம்முறை அவருடைய மகளே ஏற்பாட்டுக் குழுவிடம் போய், "உம்மாட நோய்ட பேர பெனர்ல போடுங்க" என்று கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "பள்ளிவாயலுக்கு முன்னால போற பெனர்ல சூலகம் எண்டெல்லாம் போட ஏலாது மகள். சின்னப் புள்ளைகளும் பாப்பாங்க."

மகளின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். குழுவில் இருக்கிற சகோதரர்கள் கெட்டவர்கள் அல்லர். போன வருடம் வெயிலில் நின்று தண்ணீர்ப் போத்தல் பங்கிட்டவர்கள், சொந்தக் காசில் வேன் பிடித்தவர்கள். அவர்களுடைய நிய்யத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிய்யத் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பெயரைச் சொல்லாத விழிப்புணர்வு விழிப்புணர்வே அல்ல. அது ஊர்வலம். ஊர்வலம் போவதற்கு நமக்கு வேறு காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன.

*

இந்த ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மற்ற நோய்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் என்றால் ஒரு பெண் தன் கையாலேயே தடவிப் பார்த்துக் கட்டி தெரிகிறதா என்று கவனிக்கலாம். மெமோகிராம் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெப் டெஸ்ட் இருக்கிறது. 1996ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதான பெண்ணை மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்து கூப்பிடுகிறார். அந்த நோய்க்கு எதிராக 2017இலிருந்து ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பீ.வி. தடுப்பூசியும் போடுகிறார்கள்.

சூலகப் புற்றுநோய்க்கு இப்படி ஒன்றுமே இல்லை. தடுப்பூசி கிடையாது. கையால் தடவிப் பார்க்க முடியாது, அது அடிவயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கிறது. நோய் இல்லாதவர்களையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்து முன்கூட்டியே பிடிக்கிற பரிசோதனையும் கிடையாது. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு வருடா வருடம் இரத்தப் பரிசோதனை, சிலருக்கு வருடா வருடம் ஸ்கேன், மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2021இல் முடிவு வெளியானது. இரண்டு முறையுமே அந்த நோயால் வரும் மரணங்களைக் குறைக்கவில்லை.

அப்படியென்றால் மிஞ்சியிருப்பது என்ன? அந்தப் பெண் தன் உடம்பில் ஏற்படும் மாற்றத்தைத் தானே கவனிப்பது. கவனித்ததை வாய் திறந்து சொல்வது. சொன்னதை வீட்டிலும் வைத்தியசாலையிலும் காது கொடுத்துக் கேட்பது. அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. சொல் ஒன்றுதான் ஆயுதமாக இருக்கிற இடத்தில், அந்தச் சொல்லையே பெனரிலிருந்து எடுத்துவிட்டு நடக்கிறோம். இதற்குப் பெயர் என்ன?

*

அறிகுறிகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். பெனரில் வராவிட்டால் இந்தப் பதிவிலாவது இருக்கட்டும்.

1. வயிறு ஊதிக்கொண்டே இருப்பது. சாப்பிட்ட பிறகு வந்து போகிற ஊதல் அல்ல. நாளுக்கு நாள் குறையாமல் இருப்பது.
2. அடிவயிற்றில் அல்லது இடுப்புக்குள் வலி, பாரம்.
3. நாலு வாய் சோறு வைத்ததும் வயிறு நிரம்பிப் போவது. பசியில்லாமல் போவது.
4. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பது, அல்லது அடக்க முடியாமல் அவசரமாகப் போக வேண்டியிருப்பது.

இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். இவை எல்லோருக்கும் வருகிறவை. பெரும்பாலும் காரணம் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு இல்லாமல் புதிதாக வந்து, ஒரு மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் விடாமல் இருந்தால், அதுவும் 50 வயதைத் தாண்டியவர் என்றால், கட்டாயம் டொக்டரிடம் போக வேண்டும். போய், "வயிறு சரியில்ல" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை நாளாக, எத்தனை தடவை" என்று கணக்குச் சொல்ல வேண்டும். "சூலகத்தையும் ஒருக்காப் பாக்கணுமா டொக்டர்?" என்று கேட்க வேண்டும். மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு இரத்தம் பட்டால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

இப்போது மேலே இருக்கிற நாலையும் திரும்ப வாசியுங்கள். இந்த நாலுக்கும் நமது ஊரில் என்ன பெயர்? "கேஸ்." "சும்மா கேஸ்தான் ராத்தா, இஞ்சி அவிச்சிக் குடிங்க." பாமசியில் கேஸ்ட்ரைட்டிஸ் குளிசை ஒரு காட். அது முடிந்தால் இன்னொரு காட். நோன்பு வந்தால் "நோன்பு புடிச்சதால வயிறு காய்ஞ்சி போச்சி". பெருநாள் வந்தால் "புரியாணி திண்டதால". சிறுநீர் அடிக்கடி போனால் "சீனியாக இருக்கும்". சட்டை இறுகினால் கலியாண வீட்டில் பகிடி: "என்ன, இன்னும் ஒண்டா?" இப்படியே எட்டு மாதம், பத்து மாதம் போய்விடுகிறது. நாம் நினைவுகூர்கிற ஆசிரியைக்கும் அப்படித்தான் போனது. அவர் படித்தவர், பத்திரிகை வாசிப்பவர், மற்றவர்களுக்குப் புத்தி சொல்பவர். அவருக்கே இந்தச் சொல்லை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நமது ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். விஞ்ஞானப் பாடத்தில் டீ.என்.ஏ. பற்றிப் படிக்கிறோம். அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவிய எக்ஸ்ரே படம் ரொசலிண்ட் பிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வில் வந்தது. 1956இல் அமெரிக்காவில் பயணத்தில் இருந்தபோது வயிறு வீங்கி உடுப்பு இறுகியதை அவர் கவனித்தார். லண்டன் திரும்பிப் பரிசோதித்தபோது அது சூலகப் புற்றுநோய். 1958 ஏப்ரலில் மௌத்தானார். வயது 37. உலகத்துக்கே உயிரின் இரகசியத்தைக் காட்ட உதவியவருக்கும் முதல் அறிகுறி இறுகிப்போன உடுப்புத்தான்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 3 இலட்சத்து 24 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 2 இலட்சத்து 7 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். சூலகத்தோடு நிற்கும்போதே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள். வயிறு முழுக்கப் பரவிய பிறகு பிடித்தால் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பரவிய பிறகுதான் தெரிய வருகிறது. பயப்பட வேண்டியது இதற்குத்தான், பெனரில் இருக்கிற எழுத்துக்கு அல்ல.

*

"எந்தக் கென்சராக இருந்தா என்ன டீச்சர், எல்லாம் கென்சர்தானே" என்று ஒரு சகோதரர் போன வருடம் சொன்னார். இல்லை. எல்லாம் ஒன்றல்ல. ஒன்றாக்கிச் சொல்வதில்தான் ஆபத்தே இருக்கிறது.

போன வருடம் எல்லோரும் பிங்க் நிற டீசேர்ட் போட்டு நடந்தோம். கேட்டதற்கு, "பொம்புளைகள்ட கென்சர் எண்டா பிங்க்தானே" என்றார்கள். பிங்க் மார்பகப் புற்றுநோய்க்கான நிறம். சூலகப் புற்றுநோய்க்கு உலகம் முழுவதும் டீல் நிறம், நீலமும் பச்சையும் கலந்த நிறம். 2013இலிருந்து மே 8ஆம் திகதியை இதற்கான உலக தினமாகவும் வைத்திருக்கிறார்கள். நிறம் பெரிய விடயமல்ல என்பீர்கள். சரி, விடுவோம். ஆனால் அந்த நடைபவனிக்குப் பிறகு நான் பெண்களிடம் கேட்ட வார்த்தைகளைச் சொல்கிறேன்.

"நான் போன வருசம் பெப் டெஸ்ட் செஞ்சேன் டீச்சர். எனக்கு அந்தப் பக்கம் ஒண்டுமில்லையாம்."

ஒருவர் அல்ல, பலர் சொன்னது இது. பெப் டெஸ்ட் பார்ப்பது கருப்பைக் கழுத்தை. சூலகத்தை அது பார்ப்பதே இல்லை. பெப் டெஸ்ட் கட்டாயம் செய்ய வேண்டியது, செய்த சகோதரிகளுக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும். ஆனால் அது சுத்தமாக வந்துவிட்டது என்ற தைரியத்தில் ஒரு பெண் தன் வயிற்று ஊதலைக் கவனிக்காமல் விட்டால், அதற்கு யார் பொறுப்பு? "மகளிர் நோய்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி, பெயர் சொல்லாமல் விட்டவர்கள் பொறுப்பில்லையா?

*

இனி, நமது ஊரில் வழமையாக வருகிற மறுப்புகளுக்கு வருவோம்.

முதலாவது: "இதெல்லாம் வெட்கமான விசயம்."

ஹயா ஈமானின் ஒரு பகுதி. அதை நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்த ஹயாவைக் கற்றுத்தந்த சபையில் என்ன நடந்தது? பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) தனக்கு நிற்காமல் உதிரம் போகிறது என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அது மாதவிடாய் அல்ல, நரம்பிலிருந்து வருகிற உதிரம் என்று பதிலும் பெற்றார்கள். உம்மு ஸுலைம் (ரலி) குளிப்புக் கடமை பற்றிக் கேட்கும்போது, உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்கள். மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதால்தான் இன்று நமது மதரஸாக்களில் ஹைழ், நிபாஸ், இஸ்திஹாழா என்று பாடம் நடக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்தச் சொற்கள் தெரியும். ஹைழ் என்று சொல்ல முடிந்த வாயால் சூலகம் என்று சொல்ல முடியாதா?

"சின்னப் புள்ளைகள் பாப்பாங்க" என்கிறார்கள். பார்க்கட்டும். சூலகம் கெட்ட வார்த்தை அல்ல. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற பாடப்புத்தகத்தில் படம் போட்டு இருக்கிற சொல். சாதாரண தரப் பரீட்சையில் பெயரிடச் சொல்லிக் கேட்டால் புள்ளி கிடைக்கிற சொல். புள்ளிக்காக எழுதலாம், உம்மாவின் உயிருக்காக எழுதக் கூடாதா? அந்தப் பக்கம் வந்ததும் "இத வீட்டுல வாசிச்சிக்கங்க" என்று தாண்டிப் போகிற வகுப்பறைகளும் நமது சமூகத்தில் இருக்கின்றன. வீட்டில் யாரிடம் வாசிப்பது? உம்மாவும் அப்படித் தாண்டிவிடப்பட்ட வகுப்பிலிருந்து வந்தவர்தானே.

இரண்டாவது: "பொம்புளைகள் ரோட்டுல நடக்கிறதா?"

போன வருடம் நோட்டீஸில் பெண்கள் படம் இருந்தது. மேடையில் ஒரு பெண் கூட இல்லை. பெண்கள் கடைசியில், வேனுக்குப் பின்னால் நடந்தார்கள். பேசியவர்கள் ஆறு பேரும் ஆண்கள். சூலகம் உள்ள ஒருவரும் பேசவில்லை.

2022இல் கேஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் இதே ரோட்டில் நமது உம்மாமார் சுபஹிலிருந்து அஸர் வரை வரிசையில் நின்றார்கள். அப்போது யாரும் வந்து "பொம்புளைகள் ரோட்டுல நிக்கிறதா" என்று கேட்கவில்லை. பெண்கள் வயலுக்குப் போகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டியூஷனுக்கு நடக்கிறார்கள். குடும்பத்துக்காக நடந்தால் பொறுப்பு. தங்கள் உயிருக்காக நடந்தால் பித்னாவா? ஒழுங்கோடு, உடையோடு, தனி வரிசையாக நடக்க அவர்களுக்குத் தெரியும். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது: "மௌத்தானவங்களுக்காக நடக்க மார்க்கத்துல இடமிருக்கா?"

இதை வணக்கம் என்று யாரும் சொல்லவில்லை. நடந்தால் நன்மை எழுதப்படும் என்று நோட்டீஸ் அடிக்கவும் இல்லை. இது சனத்தைக் கூட்டுவதற்கும் காசு சேர்ப்பதற்கும் ஒரு வழி, அவ்வளவுதான். காசு சேர்ப்பது எதற்காக? தர்மத்துக்காக. ஸஅத் இப்னு உபாதா (ரலி) தன் தாய் மௌத்தான பிறகு, அவருக்காகத் தர்மம் செய்தால் பயன் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஆம் என்று பதில் வந்ததும் தன் தோட்டத்தையே தர்மம் செய்தார்கள். நாம் தோட்டம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் நினைவாக இன்னொரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்யக் காசு கேட்கிறோம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிற ஒவ்வொருவரும், அரசராக இருந்தாலும் ஆலிமாக இருந்தாலும், ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தடவை போய் வருகிறார்கள். அது கடமையான வணக்கம், இதோடு நான் அதை ஒப்பிடவில்லை. ஆனால் அங்கே நாம் நினைவுகூர்வது யாருடைய ஓட்டத்தை? பிள்ளையின் உயிருக்காகத் தண்ணீர் தேடி ஓடிய ஒரு தாயின் ஓட்டத்தை. ஹாஜர் அலைஹஸ்ஸலாம் அவர்களின் பெயரைச் சொல்லாமல் அதை யாராவது விளக்கியிருக்கிறார்களா?

நாலாவது: "அது பொம்புளைகள்ட விசயம், நமக்கென்ன?"

வாப்பாமாரே, நானாமாரே, இதைக் கவனமாக வாசியுங்கள். சூலகப் புற்றுநோயில் ஒரு பகுதி பரம்பரையாக வருவது. பீ.ஆர்.சீ.ஏ. 1, பீ.ஆர்.சீ.ஏ. 2 என்று இரண்டு மரபணுக்களில் பிழை இருந்தால் ஆபத்துப் பல மடங்கு கூடுகிறது. சாதாரணமாக நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வாழ்நாளில் வருகிற இந்த நோய், பீ.ஆர்.சீ.ஏ. 1இல் பிழை உள்ளவர்களில் நாற்பது பேருக்கு மேல் வரலாம். அந்தப் பிழை உம்மாவின் பக்கத்தால் மட்டுமல்ல, வாப்பாவின் பக்கத்தாலும் வரும். உங்கள் உம்மாவுக்கோ, ராத்தாவுக்கோ, தங்கச்சிக்கோ மார்பகப் புற்றுநோய் அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருந்தால், நீங்கள் சுகமாக இருந்துகொண்டே அதை உங்கள் மகளுக்குக் கடத்தியிருக்கலாம். இரண்டில் ஒரு வாய்ப்பு. "எங்கட உம்மா என்ன நோயில மௌத்தானா?" என்ற கேள்விக்கு "வயித்துல ஏதோ கட்டி" என்று மட்டும் பதில் தெரிந்த குடும்பங்கள் நமது ஊரில் எத்தனை? அந்தப் பெயரை மறைத்தது மரியாதை என்று நினைத்தோம். பேத்திக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கையை மறைத்திருக்கிறோம்.

ஐந்தாவது, யாரும் கொமன்டில் எழுதாதது, ஆனால் எல்லாவற்றையும் விடக் கொடியது: வாய்.

கலியாணம் முடிக்காத ஒரு சகோதரி வீ.ஓ.ஜீ. கிளினிக் வாசலில் நின்றால் என்ன கதைக்கிறோம்? புருஷன் கட்டாரில் இருக்கிற ஒரு பெண் ஸ்கேன் எடுக்கப் போனால் என்ன கதைக்கிறோம்? விதவை போனால்? "ஸ்கேன் எண்டா வயித்துப் புள்ளைக்குத்தானே" என்று தொடங்குகிற கதை, மஃரிபுக்குள் மூன்று வீதி தாண்டிவிடுகிறது. விளைவு? அந்தப் பெண்கள் போகவே மாட்டார்கள். வைத்திய உண்மை என்னவென்றால், பிள்ளை பெற்றவர்களை விடப் பிள்ளை பெறாதவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து அதிகம். பாலூட்டியவர்களுக்குக் குறைவு. அதாவது யாருக்கு ஆபத்து அதிகமோ அவரைத்தான் நமது வாய் கிளினிக் வாசலிலிருந்து விரட்டுகிறது. புறம் பேசுவது செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்குச் சமம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். இங்கே உயிரோடு இருக்கிற சகோதரியைத் தின்கிறோம்.

*

இனிக் காசு. இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

2011இல் நமது நாட்டில் ஒரு நடை நடந்தது. ட்ரெயில் என்று பெயர். தெற்கே தெவுந்தர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறக்குறைய 670 கிலோமீற்றர், 27 நாட்கள். சேர்ந்த காசு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழும்பியது. 2016இல் அதையே திருப்பிப் பருத்தித்துறையிலிருந்து தெவுந்தர முனைக்கு நடந்தார்கள். அது காலி கராப்பிட்டிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு. கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தன அதில் முன்னுக்கு நின்றவர்களில் ஒருவர். சிறுவயதில் தம்பியை மூளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். ஞாபகார்த்தம் என்றால் அதுதான். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் நோயாளி போய்ப் படுக்கிற கட்டில் ஒன்று மிஞ்சியது.

நமது நடையில் மிஞ்சியது என்ன? ட்ரோன் வீடியோ. அலமாரியில் பிங்க் டீசேர்ட். மேடையில் பொன்னாடை. எவ்வளவு சேர்ந்தது, டீசேர்ட்டுக்கும் பெனருக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு போனது, எந்த நோயாளிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு கணக்கு இன்று வரை பள்ளிவாயல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படவில்லை. யாரும் எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ் பாதுகாக்க வேண்டும். ஆனால் அமானிதம் என்றால் கணக்குக் காட்டுவது. கேட்காமலே காட்டுவது.

நமது அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. மஹரகம இருக்கிறது. ஆனால் மஹரகமைக்கு இரவு பஸ்ஸில் போக, கூடப் போகிறவர் தங்க, வெளியே எடுக்கச் சொல்கிற ஒரு ஸ்கேனுக்கு, ஓர் இரத்தப் பரிசோதனைக்கு, அந்த நாட்களில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க யாருக்காவது கொடுக்க, காசு வேண்டும். ஒரு தாய் மூன்றாவது கீமோவோடு நிறுத்திவிடுவது மருந்து இல்லாததால் அல்ல. பல நேரம் பஸ் காசு இல்லாததால்.

*

குறை சொல்லிவிட்டு ஒதுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. ஏற்பாட்டுக் குழுவிடமும் பள்ளிவாயல் நிர்வாகத்திடமும் நான் கேட்பது ஏழு விடயங்கள்:

1. பெனரில் கொட்டை எழுத்தில் "சூலகப் புற்றுநோய்" என்று எழுதுங்கள். கீழே நாலு அறிகுறியும் வர வேண்டும். பின்பக்கத்தில் அனுசரணையாளர் பெயரைப் போடுங்கள், முன்பக்கத்தில் அல்ல.

2. பேசுவதற்கு ஒரு பெண் வைத்தியரை அல்லது மிட்வைஃப் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் போதும். அரசியல்வாதிக்கு மேடை வேண்டாம். வந்து நடக்கட்டும், மாஷா அல்லாஹ்.

3. பெண்கள் முன் வரிசையில் நடக்கட்டும். அவருடைய மகள் பெனரைப் பிடிக்கட்டும். அவருடைய உம்மாவுக்காகத்தான் இந்த நடை.

4. டீசேர்ட் அடிக்காதீர்கள். டீல் நிறத்தில் ஒரு துண்டுத் துணி போதும், நமது தையல் வகுப்புப் பிள்ளைகள் வெட்டித் தருவார்கள். மிஞ்சுகிற காசு நோயாளிக்குப் போகட்டும்.

5. பஸ் காசு, ஸ்கேன் காசு, கூடப் போகிறவரின் செலவு என்று மூன்றுக்கு மட்டும் ஒரு நிதி வையுங்கள். நமது ஊருக்கு மட்டுமல்ல, பக்கத்துத் தமிழ்க் கிராமத்துத் தாய்க்கும் அது திறந்திருக்கட்டும். சூலகத்துக்கு இனமில்லை.

6. நடை முடிந்து இரண்டு வாரத்துக்குள் கணக்கை ஒட்டுங்கள்.

7. அதற்கு முந்திய ஜும்ஆவில் கதீப் இரண்டு நிமிடம் ஆண்களிடம் சொல்லட்டும்: "உங்கட வீட்டுப் பெண் வயிறு சரியில்ல எண்டு ஒரு மாசமாச் சொன்னா, கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான். சூலகம் என்று மிம்பரில் சொல்ல வெட்கமாக இருந்தால் வயிறு என்றாவது சொல்லட்டும். அதற்கும் வெட்கப்பட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது?

இந்த ஏழில் செலவு கூடிய ஒன்றும் இல்லை. மார்க்கத்துக்கு முரணான ஒன்றும் இல்லை. முடியாது என்றால் எது முடியாது, ஏன் முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். இன்பொக்ஸில் வந்து "டீச்சர், போஸ்ட எடுத்துடுங்க, ஊருக்குள்ள பிரச்சின" என்று எழுத வேண்டாம். பிரச்சினை இந்தப் பதிவால் வரவில்லை.

"மகளிர் நோய்" என்றே பெனர் வருமானால் நான் அதற்குப் பின்னால் நடக்க மாட்டேன். அன்று காலை நாங்கள் சில ஆசிரியைகள் சேர்ந்து, இந்த நாலு அறிகுறியையும் ஒரு தாளில் அச்சடித்து, வீடு வீடாகப் போய் உம்மாமாரிடம் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். அதுவும் நடைதான். குழுவினர் பெயரைப் போட்டால் முதல் ஆளாக வந்து நிற்பேன், என் வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

சகோதரிகளே, உங்களிடம் ஒன்று. இந்தப் பதிவுக்கு லைக் போடுவதை விட, இன்றிரவு உங்கள் உம்மாவிடம், மாமியிடம், கலியாணம் முடிக்காமல் வீட்டோடு இருக்கிற சாச்சியிடம் போய் இருங்கள். வயிறு எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக என்று கேளுங்கள். "கேஸ்தான் புள்ள" என்று சொன்னால், "எத்தனை நாளா?" என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

நமது ஆசிரியைக்கு அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தவ்ஸைக் கொடுப்பானாக. இப்போது நோயோடு இருக்கிற ஒவ்வொரு சகோதரிக்கும் பூரண ஷிபாவைக் கொடுப்பானாக. உண்மையைப் பெயர் சொல்லிப் பேசுகிற தைரியத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.

விரும்பியவர்கள் பகிருங்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுங்கள்.

வஸ்ஸலாம்.